எள்ளளவு ரோபோ என் பின்னால் வந்த கதை

பௌதிகவியல் படிப்பித்தவன் செய்யக்கூடாத காரியம் ஒன்றை நான் செய்தேன். மூட்டுவலிக்கென்று மாத்தளை பஸ் நிலையத்தில் விற்ற காந்த வளையலை வாங்கி, முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்துப் போட்டுக்கொண்டேன். (அது சுத்த ஏமாற்று என்று வகுப்பில் முழங்கியவனும் நான்தான்.)

அந்த வாரம் மண்சரிவால் பல்கலைக்கழகத்துக்குப் போகும் கண்டி வீதி மூடியிருந்தது. கடைசி மகள் ஹஸ்னா தன் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்தே வீடியோவில் காட்ட வேண்டியதாயிற்று. பட்டம் அதில்தான் தொங்கியது. ரோபோ எள்ளளவுதான், பற்றரி, வயர் எதுவும் இல்லை. தண்ணீர்த் தட்டைச் சுற்றி நான்கு கம்பிச் சுருள்கள். அவற்றில் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தால், காந்தப்புலம் அதை வேண்டிய பக்கம் நகர்த்தும். இனி ஒரு காலத்தில் இப்படியொன்று இரத்தக்குழாய்க்குள் மருந்து கொண்டு போகுமாம். நான் வாய் பிளந்து பார்த்தேன்.

தட்டுக்கு மேலே போனைப் பிடிப்பது என் வேலை. திரையில் அவளுடைய விரிவுரையாளர். என் பழைய மாணவர்.

ரோபோ புறப்பட்டது. பாதி வழியில் திரும்பி என் கைப்பக்கம் வந்து தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. ஹஸ்னா சுருள்களைச் சரிபார்த்து மறுபடி விட்டாள். மறுபடியும் என்னிடமே வந்தது. (என்னைப் பிடித்துவிட்டது போலும் என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.)

பிறகு விளங்கியது. உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கையை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினேன். அதுவும் இடப்பக்கம் வந்தது. வட்டம் போட்டேன், அதுவும் போட்டது. இத்தனை அழகான பரிசோதனையை என் ஆயுளில் செய்ததில்லை.

"நேத்தெல்லாம் ஒழுங்காப் போச்சு, சேர்," என்றாள் ஹஸ்னா. சுருள்களை மறுபடியும் தடவிப் பார்த்தாள். இன்னும் ஒரேயொரு முறை பார்க்கலாம் என்றார் அவர்.

"மகள், பிழை சுருள்ல இல்ல. என்ட கையில," என்று சட்டைக் கையை மடித்துக் காட்டினேன்.



"சேர்," என்றார் விரிவுரையாளர் மரியாதையாக, "வலி கொறஞ்சிச்சா?"

"இல்ல," என்றேன்.

வளையல் முற்றத்துக்குப் போனது; ரோபோ போகவேண்டிய இடத்துக்குப் போனது. ஹஸ்னாவுக்குப் பட்டமும் கிடைத்தது. ஆனால் அன்றே அவள் கேட்டுவிட்டாள்: "வெளங்கின பொறகும் வெளையாடினீங்களே, வாப்பா?"

இப்போது அவள் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இருக்கிறாள். முக்கியமான பரிசோதனை தொடங்குமுன் எனக்கு அழைப்பு வரும். அவளோடு வேலை செய்பவர்கள் சிரிப்பை அடக்குவதும் கேட்கும்.

"வாப்பா, எங்க இருக்கீங்க?"

"வீட்டுல."

"அங்கேயே இருங்க."