கேசியாவின் மாத்திரையும் நான் வாய் திறக்காத கதையும்

சித்தூர்,
ஞாயிறு மாலை.

கர்த்தர் கிருபையால் மூன்று வேளையும் சாப்பிட்டு நலமாயிருக்கும் நைனா இயேசுதாசன், திருப்பதியிலிருக்கும் அன்பு மகள் கேசியாவுக்கு எழுதுவது. போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவாய் என்பதால் கடிதம்.

உன் மார்பில் சோதனைக்கு எடுத்த சதையில் புற்றுநோய் இல்லை, ஆனாலும் உன் அம்மாவுக்கு வந்ததால் உனக்கும் வரும் வாய்ப்பு அதிகம், வராமலிருக்க ஐந்து வருஷம் தினம் ஒரு மாத்திரை போடலாம், போடாமலும் இருக்கலாம், நீயே முடிவு செய் என்று டாக்டரம்மா சொன்னதை என்னிடம் மட்டும் சொன்னாய். யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் மனுஷரிடம் சொல்லவில்லையம்மா. சர்ச்சில் ஜெப விண்ணப்பச் சீட்டில், "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி, மார்புப் புற்றுநோய் வராமலிருக்க மாத்திரை போடுவதா வேண்டாமா என்று தெளிவடைய" என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். முப்பத்தோரு வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்த கை சும்மா இருக்குமா? கீழே கையெழுத்தும் போட்டுவிட்டது. பாஸ்டர் ஐயா அதையும் சேர்த்து மைக்கில் வாசித்தார். எனக்கு ஒரே மகள் என்பது சபைக்கே தெரியும்.

ஆராதனை முடிந்ததும் பிடித்துக்கொண்டார்கள். கமலம்மா, "வராத நோவுக்கு எதுக்கு சார் மருந்து? ஒடம்பெல்லாம் தீயா எரியுமாம், கால்ல ரத்தம் கட்டிக்குமாம்" என்கிறாள். கமிட்டி சிட்டிபாபு, "கை தூக்குங்க, ஓட்டு எடுத்துடலாம்" என்று கிளம்பிவிட்டார். போடணும்னு பன்னெண்டு கை, வேணாம்னு பன்னெண்டு கை. கமலம்மா ரெண்டுக்கும் தூக்கினா. எனக்கு வந்த கோபத்தில், "அவ ஒடம்பு, அவ முடிவு! பெத்தவன் நானே வாயத் தொறக்கல, நீங்க யாரு?" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் போன பிறகு, ஆர்கன் வாசிக்கும் பிரீத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். "சார், நான் அந்த மாத்திரைய ரெண்டு வருஷமா போட்டுக்கினு இருக்கேன். மொதல் ஆறு மாசம் வேர்த்துக் கொட்டுச்சி, சும்மா சும்மா அழுகை வந்துச்சி. எங்க அக்காளுக்கும் இதையேதான் சொன்னாங்க. அவ வேணாம்னுட்டு, கரெக்டா செக்கப் போய்க்கினு இருக்கா. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம். கேசியாவ எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க" என்றாள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். உன் அம்மா கிருபாவதியை அடக்கம் பண்ணின நாளுக்குப் பிறகு நான் சர்ச்சில் அழுதது இன்றைக்குத்தான்.

ஆகவே மகளே, கேட்டதையெல்லாம் எழுதிவிட்டேன். என் கருத்து என்று ஒன்று கிடையாது. நீ எதைத் தீர்மானித்தாலும் எனக்கு ஒன்றுதான். பிரீத்தியின் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னையும் உன் ஸ்கூட்டியையும் பத்திரமாய்க் காப்பாராக.

உன் நைனா.

பி.கு.: எனக்கு ஒன்றுதான் என்று மேலே எழுதியது பொய். போட்டுக்கோ கண்ணு. உங்க அம்மா கட்டில் பக்கத்துல ஒம்போது மாசம் ஒக்காந்தேன். இன்னொரு வாட்டி என்னால ஒக்கார முடியாது. பயந்துகினு சொல்றேன், யோசிச்சுச் சொல்லல. அதனால, நீ முடிவு பண்றப்போ இந்தப் பின்குறிப்ப மட்டும் படிக்காத.