எந்த சைக்கிள் வாங்குவது என்று கேட்ட அக்காவுக்கு

அன்புள்ள ஃபெம்கே அக்காவுக்கு,

ஆர்னெமிலிருந்து தம்பி வீபே எழுதுகிறேன். இங்கே வானத்தைத் தவிர எல்லோரும் நலம். நீயும் அத்தானும் உங்கள் முட்டைக்கோஸ் பாத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஊருக்குள் ஓட்டும் சைக்கிளா, காட்டுப் பாதை சைக்கிளா, எது வாங்கட்டும் என்று கேட்டிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய்.

எங்கள் நீர் வாரிய அலுவலகத்தில் மார்லுஸ் என்று ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். கணவர் இறந்துவிட்டார். "சனிக்கிழமை காட்டுக்குள்ள சைக்கிள்ல போறேன், வர்றீங்களா?" என்றாள். வில்மா விவாகரத்து வாங்கிப் போன பிறகு என்னை வரச்சொல்லிக் கூப்பிடுகிற ஒரே பெண் பல் மருத்துவரின் உதவியாளர்தான் என்பது உனக்கே தெரியும். உடனே யூஸ்டின் சைக்கிள் கடைக்கு ஓடினேன். "ஆபீசுக்கும் வேணும், காட்டுக்கும் வேணும்" என்றேன். "மழைக்கோட்டையும் நீச்சல் உடுப்பையும் ஒரே துணியில கேக்கறீங்களே சார்" என்றான். காட்டு சைக்கிளையே வாங்கினேன். தடித்த டயர், அகலமான கைப்பிடி. ஏறி உட்கார்ந்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

மறுநாள் மழை. அந்த சைக்கிளுக்கு மட்கார்டு இல்லை என்பது முதுகில் கழுத்து வரை சேறு ஏறிய பிறகுதான் உறைத்தது, அப்படியே கரை பராமரிப்புக் கூட்டத்துக்குப் போய் வெளிர்நிற நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தபோது என் முதுகு நாற்காலியிலேயே இருந்தது, ஸ்டாண்டும் இல்லாததால் வண்டியை வாசலில் யாருடையதன் மேலோ சாய்த்திருந்தேன், அது பக்கத்து வண்டியில் சாய்ந்து வரிசை மொத்தமும் படுத்துவிட்டது, பெல்லும் இல்லையா, திரும்பும்போது "வழி, வழி!" என்று கத்திக்கொண்டே வந்தேன், பாலத்தின் மேல் ஒரு கிழவி நிறுத்தி, "ஏம்ப்பா, வாத்து கூட உன்னைவிட அடக்கமா கத்தும், ஒரு மணி வாங்கி மாட்டக்கூடாதா!" என்றாள்.

அதனால் வெள்ளிக்கிழமை மட்கார்டு, ஸ்டாண்டு, பெல், கூடை எல்லாவற்றையும் நானே பூட்டினேன். கூடையில் சீஸ் ரொட்டி, ஃப்ளாஸ்கில் காபி. சனிக்கிழமை காட்டு முகப்பில் பார்த்தால், மார்லுஸ் கடைவீதிக்குப் போகிற பழைய கறுப்பு சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"இதுலயா காட்டுக்குள்ள வரப்போறீங்க?"

"ஏன், எப்பவும் இதுலதான் வர்றேன். நான் மெதுவாத்தானே போவேன்."

நான் முன்னால் பறந்தேன். முதல் வேரில் பெல் போயிற்று, அடுத்த வேரில் ஸ்டாண்டு, மணல் சரிவில் கூடை ஒரு பக்கம், காபி ஒரு பக்கம், நான் புதருக்குள். சற்று நேரத்தில் மார்லுஸ் வந்து நின்றாள். கையில் என் மட்கார்டு.

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்லை."

"அப்ப சிரிக்கலாமா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நசுங்கிய ரொட்டியை அங்கேயே உட்கார்ந்து பங்கு போட்டுத் தின்றோம். "அவர் போனப்புறம் இப்படிச் சிரிச்சதே இல்லை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா, எனக்கும் அப்படித்தான்.

ஆகவே என் பேச்சைக் கேள். மட்கார்டும் ஸ்டாண்டும் உள்ள ஊர் சைக்கிளையே வாங்கு. என்னுடையதை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பூனையை என் சார்பில் தடவிக்கொடு.

என்றும் உன் தம்பி,
வீபே

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடு, காட்டு சைக்கிளையே வாங்கு. இன்று திருப்பிக் கொடுக்கப் போனால் கடையில் மார்லுஸ் நிற்கிறாள், பக்கத்தில் புத்தம்புது தடித்த டயர் சைக்கிள். "விழும்போது கூட எவ்வளவு சந்தோஷமா விழுந்தீங்க! எனக்கும் கத்துக்கொடுங்க" என்கிறாள். யூஸ்ட் என் வண்டியைப் பார்த்து, "என்ன சார், திருப்பித் தர வந்தீங்களா?" என்றான்.

"காத்தடிக்க வந்தேன்" என்றேன்.