மந்திரமாய்ப் போன என் பட்டப்படிப்பு

மலாயாவுக்கு மெர்டேகா, அதான் சுதந்திரம், வந்த வருஷம். அன்னிக்கு எனக்கு ஒரே வேலைதான். மலாக்காவுல இருக்கிற காஜா பேராங்குக்குப் போயி, பொண்ணோட அப்பாவைப் பார்த்து, நான் என்ன படிச்சேன்னு விளங்க வைக்கணும்.

பொண்ணு பேரு சரசு. போட்டோ பார்த்ததுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. அவங்கப்பா ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுப் போடுற டிரெசர். "டாக்டரும் இல்ல, லாயரும் இல்ல. சரித்திரம், பூகோளம், மலாய் மூணையும் கலந்து படிச்சானாம். அது என்னா படிப்பு? நேர்ல வந்து சொல்லட்டும், அப்புறம் பார்ப்போம்"னு சொல்லியனுப்பிட்டாரு.

வேட்டி கட்டி, பட்டையா திருநீறு பூசிக் கிளம்பினேன். "கோயிலுக்குப் பக்கத்துல, வாசல்ல மாவிலை தொங்குற வீடுடா"ன்னு அம்மா அடையாளம் சொன்னாங்க. போய்ப் பார்த்தா அந்த வரிசை முழுக்க மாவிலை!

ஒரு வாசல்ல திருநீறு பூசின பெரியவர் யாரையோ எதிர்பார்த்து நின்னாரு. "மாசோக், மாசோக்!"னு உள்ள கூப்பிட்டாரு. மலாக்காவுல யாருதான் மலாய் கலக்காம பேசுறாங்க? போயி உட்கார்ந்தேன்.

மூச்சு விடாம ஆரம்பிச்சேன். "ஐயா, ஒரு பாடம் மட்டும் படிச்சா ஒரு பக்கம்தான் தெரியும். ஜனங்களைப் புரிஞ்சுக்க அவங்க சரித்திரம் தெரியணும், இருக்கிற இடம் தெரியணும், பேசுற பாஷை தெரியணும். மூணையும் சேர்த்துப் பார்க்கிறதுதான் என் படிப்பு. புது நாட்டுக்கு அந்த மாதிரி ஆளுங்கதான் வேணும்!"

பெரியவர் கையைக் கூப்பினாரு. வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டாரு. அவங்களும் வரிசையா கைகூப்பி நின்னாங்க. என் படிப்புக்கு இவ்வளவு மரியாதையா! இன்னும் சத்தமா அரை மணி நேரம் பேசினேன். நடுநடுவுல சரசு எங்கன்னு ஓரக்கண்ணால தேடினேன்.

தட்டு வந்துச்சு. வெத்தல, பாக்கு, பழம், தேங்கா. நிச்சயமே ஆயிடுச்சுடா! ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன்.

அப்பதான் கையில மணியோட ஒருத்தர் உள்ள வந்தாரு. கோயில் பண்டாரம்! வீட்டுப் பூசைக்கு வரச் சொல்லியிருந்தாங்களாம்.

பெரியவர் அவரைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. அப்போ இது யாருன்னு மலாய்ல கேட்டாரு.

எனக்கு அப்போதான் விளங்குச்சு. அது மலாக்கா செட்டிமாருங்க வீடு! கும்பிடுறது நம்ம சாமிதான், ஆனா தலைமுறை தலைமுறையா வீட்டுல மலாய்தான் பேச்சு, தமிழ் புரியாது. தமிழ்ல ஒருத்தன் நிறுத்தாம பேசினா அவங்களுக்கு அது பூசை மந்திரம்தான். இவங்களைப் பத்திப் பரீட்சையில நாலு பக்கம் எழுதினவன் நான்!

மலாய்ல மன்னிப்புக் கேட்கலாம்னு வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரல. தட்டைப் பண்டாரம் கையில கொடுத்துட்டு வெளிய ஓடினேன்.

பக்கத்து வீட்டு வேலியோரம் ஒருத்தர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. டிரெசர்! பின்னால போட்டோவுல பார்த்த அதே சரசு, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு.

"எல்லாம் கேட்டேன் தம்பி. சரித்திரம், இடம், பாஷை. மூணுலயும் பாஸா?"

கல்யாணம் போச்சுன்னு நினைச்சேன். அழுகையே வந்துடுச்சு.

சரசு அவர் காதுல என்னமோ சொன்னா. அவரு தொண்டையைச் செருமிக்கிட்டாரு.

"பொண்ணு சரின்னுட்டா மாப்ள. உங்களைத் தனியா விட்டா வீடு போய்ச் சேர மாட்டீங்களாம்."