இடது பக்கம் ஒரு டொக்

"சத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சா நான் ஏன் காருக்கு அடியில படுத்திருக்கப் போறேன், டாக்டர்?"

பதில் சொன்னது ரெண்டு கால். மீதி லிஃப்டுக்காரர், தன்னோட சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில இருந்தாரு. கேட்டது பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். மதில் மேல தாடையை வெச்சுக்கிட்டு, ஆடுற பல்லைப் பாக்குற மாதிரி காரையே ஆசையா பாத்துக்கிட்டிருந்தாரு.

"பன்னெண்டு மணிதான் கெடு. ஞாபகம் இருக்குல்ல சார்?"

"இருக்கு, இருக்கு."

கெடு வெச்சது லிஃப்டுக்காரரோட சொந்த வாய்தான். லிஃப்ட் ரிப்பேர்தான் தொழில். எட்டு மாடி லிஃப்டுல எந்த மாடிக் கதவு ரோலர் சக்கரம் கத்துதுன்னு கீழ நின்னு காதாலயே சொல்ற மனுஷன். அந்தத் திமிர்ல, "என் கார் சத்தத்தை ஆறு வாரத்துல நான் கண்டுபிடிக்கலைன்னா, காரை உங்களுக்கே வித்துடறேன்"னு சவால் விட்டுட்டாரு. ஆறாவது வாரம் இன்னையோட முடியுது.

வேகத்தடை ஏறி இறங்கினா முன்பக்கம் இடது ஓரத்துல 'டொக்'. ஷாக் அப்சார்பரை மாத்தினாரு. டொக். புஷ்ஷை மாத்தினாரு. டொக். பால் ஜாயின்ட்டை மாத்தினாரு. டொக், டொக். நன்றி சொல்ற மாதிரி.

இதுல ஒரு விசித்திரம். அவர் தனியா ஓட்டினா சத்தமே இல்ல. வீட்டுக்காரம்மா பக்கத்துல உக்காந்தாத்தான் வரும். பாரம்தான் காரணம்னு முடிவு கட்டி, அந்த சீட்டுல ஒரு மணல் மூட்டையை வெச்சு ஓட்டினாரு. மூட்டை வாயே திறக்கல.

"உன் எடை எவ்வளவும்மா? மூட்டை கொஞ்சம் குறைச்சலோ என்னவோ..."

ரெண்டு நாள் வீட்டுல எந்தச் சத்தமும் இல்ல.

மூணாவது நாள் அந்தம்மாவே இறங்கி வந்தாங்க. "ஏங்க, எங்க அக்கா தெருவுல பதினோரு வேகத்தடை இருக்கே. அங்க ஓட்டிப் பாத்தா பளிச்சுனு தெரிஞ்சுடாது?"

அக்கா வீட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்காம மூணு வருஷம் ஓட்டினவர் அவரு. சகலை வயலின் கத்துக்கிறாரு. வயலின் இன்னும் சம்மதிக்கல. ஆனாலும் காருக்காகப் போனாரு. அஞ்சு ஞாயிறு.

மணி பதினொன்னரை. லிஃப்டுக்காரர் வெளிய வந்தாரு. கடைசியா ஒரு யோசனை. இதுவரைக்கும் ஸ்டியரிங் பக்கம் உக்காந்திருக்காரு, அடியில படுத்திருக்காரு. அவ சீட்டுல உக்காந்ததே இல்ல. கதவைத் திறந்தாரு. சீட்டு மேல அவளோட கைப்பை. எப்பவும் காலடியில வெக்கிற பை. எடுத்து அந்தண்ட வெச்சாரு.

டொக்.

ஜிப் திறந்தே கிடந்துச்சு. உள்ள ஒரு எவர்சில்வர் டப்பா. டப்பாக்குள்ள அவரோட டூல்ஸ் பெட்டியிலேருந்து காணாமப்போன லிஃப்ட் ரோலர்.

கோபம் வரணும். வரல. "அப்பாடா!"னு பானெட்டைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டாரு. என் ராசாத்திக்கு ஒண்ணுமில்ல!

"டாக்டர்! கண்டுபிடிச்சாச்சு!"

டாக்டர் முகம் ஊசி போட்ட பக்கமா கோணிச்சு. "என்ன சார் கோளாறு?"

"அது... ஒரு ரோலர். லூசா இருந்துச்சு."

"எங்க இருந்துச்சுங்க?" வாசல்லேருந்து வீட்டுக்காரம்மா. கண்ணை இமைக்கல. "டாக்டருக்கும் காட்டுங்களேன்."

காட்டினா காதுக்கு இருக்குற பேரு போயிடும். "எடுத்துட்டேன்மா. எல்லாம் சரியாயிடுச்சு."

"ஓட்டிப் பாக்காம எப்படித் தெரியும்?"

"ஆமா சார்," டாக்டருக்கு ஒரு நப்பாசை. "ஓட்டிப் பாத்துடுங்க."

அந்தம்மா சாவகாசமா வந்து சீட்டுல உக்காந்தாங்க. லிஃப்டுக்காரர் குனிஞ்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு கேட்டாரு. "அக்கா வீட்டுக்குப் போகணும்னா வாயைத் திறந்து கேக்கக் கூடாதா?"

"மூணு வருஷம் நான் கேட்டேன். வந்தீங்களா? கார் கேட்டுச்சு, வந்தீங்க."

"இன்னைக்கு மாட்டிக்கிட்ட பாத்தியா!"

"கார் போயிட்டா நான் எதுல போறது? அதான் ஜிப்பைத் திறந்து வெச்சேன்."

அந்தம்மா கையை எட்டி ஹாரனை அடிச்சாங்க.

"வாங்கங்க! சகலை வயலினை எடுத்து வெச்சுக்கிட்டு காத்திருக்காராம்!"

போனாரு.