கை எங்கே இருக்கிறது?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லக்கோட்டை வரை, மனித முகத்தை மூஞ்சி டீச்சர் அளவுக்குப் படித்தவர் எவரும் கிடையாது. பஸ் ஜன்னலில் பாதி முகம் தெரிந்தால் போதும். "பாவம், செருப்ப கோயில்லயே வுட்டுட்டு வந்துட்டாரு" என்பார். ஆனால் அவருக்கு எதிரே உட்கார்ந்து நாம் கொட்டாவி விட்டால், "நல்லா காத்து வர்ற வூடு, தூக்கம் வராம இன்னா பண்ணும்?" என்று இன்னும் வசதியாகச் சாய்ந்துகொள்வார்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருப் பால்வாடிக்கு அவர்தான் டீச்சர். பிள்ளைப்பாக்கத்துக்காரர். பிள்ளைகளுக்கு அ, ஆ வருவதற்கு முன்பே மூஞ்சி வந்துவிடும். முந்தானையால் மூக்கு வரை மூடிக்கொண்டு, "டீச்சர் இப்ப கோவமா கீறனா, சிரிச்சிக்கினு கீறனா?" என்பார். கூரை ஓடு நகரும்படி பதில் வரும்.

ஒருநாள் பாடத்தை டீக்கடைக்கே கொண்டுபோய்விட்டார். பெஞ்சில் ஷிப்ட் முடிந்த ஒரு தொழிலாளி சிரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவரை நேராகக் கைகாட்டி, "இந்த அண்ணனுக்கு பல்லு மட்டும்தான் சிரிக்குது, கண்ணு சிரிக்கல. ஏன்?" என்றார்.

"பக்கத்துல சூப்பர்வைசர் குந்திக்கினு கீறாரு டீச்சர்!" என்று கூட வந்த பிள்ளைகள் கத்தினார்கள்.

சூப்பர்வைசர் பாதி டீயோடு எழுந்து போனார். அதன்பிறகுதான் அந்த அண்ணனின் கண் சிரித்தது.

எங்கள் மகள் செல்விக்கு அப்போது ஐந்து வயது. வார்த்தையை வார்த்தையாகவே எடுத்துக்கொள்கிற பிள்ளை. பக்கத்து வீட்டம்மா வாசற்படியில் நின்று "சாப்ட்டு போயேன்டி" என்று ஒப்புக்குச் சொன்னால், உள்ளே போய்த் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அதில் எங்களுக்குச் சிரிப்புதான். சிரிப்பு வராத விஷயம் ஒன்று இருந்தது. சாயங்காலம் தெருப்பிள்ளைகள் கல்லா மண்ணா விளையாடுவார்கள். கூட்டத்துக்குத் தலைவி ரோஸி, எட்டு வயது. செல்வி போய் நின்றதும் "அப்பறம் வா" என்பாள். செல்வி குழாயடிக் கல்லில் போய் உட்கார்ந்திருப்பாள். பிறகு எழுந்து போய், "அப்பறம் ஆயிடுச்சா?" என்பாள். எல்லோரும் கைகொட்டிச் சிரிப்பார்கள். செல்வியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். என் மனைவி அதைப் பார்க்க முடியாமல் ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

மனைவி டீச்சரிடம் போய்ச் சொன்னாள். டீச்சர் செல்வியைக் கூப்பிட்டு, ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார்.

"வாயி இன்னா வேணா சொல்லும். கை எங்க கீதுன்னு பாரு. சாப்ட்டு போன்னு சொல்றவங்க கை கதவுல இருந்தா, இப்பதான் சாப்ட்டேன்னு சொல்லிட்டு ஓடியாந்துடு. பானைல இருந்தா குந்திக்கோ."

மறுநாள் ரோஸி வழக்கம்போல "அப்பறம் வா" என்றாள். செல்வி நகரவில்லை. ரோஸியின் கையையே பார்த்தாள். அந்தக் கை, இடுப்பில் வழுக்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைத் தம்பியைப் பிடித்திருந்தது. தம்பியோடு ஓடினால் ரோஸிதான் முதலில் பிடிபடுவாள். அந்தக் கோபத்தைத்தான் அவள் எல்லோர் மேலும் காட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பிய நா வெச்சிக்கிறேன். நீ ஓடு."

ரோஸி ஓடினாள். அடுத்த ஆட்டத்தில், பக்கத்தில் நின்ற ஒரு பையனைக் காட்டி, "ஏய், தம்பிய இவன்கிட்ட குட்த்துட்டு நீ வாடி!" என்று செல்வியை அவளே கூப்பிட்டாள். அன்று எங்கள் வீட்டு ஜன்னல் திறந்தே இருந்தது.

சேதி கேட்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார். வந்தவர் எழுந்திருக்கவில்லை. விளக்கு ஏற்றியாயிற்று, பேச்சு மட்டும் முடியவில்லை. அளவாகப் பொங்கிய சோறு ஆறிக்கொண்டிருந்தது. என் மனைவி மெல்லப் போய்க் கதவில் கை வைத்துக்கொண்டு, "சாப்ட்டு போலாமே டீச்சர்" என்றாள்.

"சரிம்மா, நீ சொன்னா தட்ட முடியுமா?"

செல்வி பதறிப்போனாள். "டீச்சர்! அம்மா கைய பாரு டீச்சர்! கதவுல கீது!"

எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. டீச்சர் என் மனைவியின் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு செல்வியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "சபாஷ், பாஸாயிட்ட" என்றார். அப்புறம் என் மனைவியிடம் திரும்பி, "ரசம் இருந்தா போதும்மா" என்றார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அதன்பிறகும் அடிக்கடி வந்தார். அப்போதெல்லாம் என் மனைவி "சாப்ட்டு போங்க டீச்சர்" என்று சொல்லும்போது, அவள் கை பானையில்தான் இருந்தது.