காயாத கிரவுண்டு

ஊரே மழையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது சௌந்தரபாண்டியன் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். வெளியே சொல்லவும் முடியாது. கரிசல்காட்டில் மழையைத் திட்டுகிறவனுக்கு அப்புறம் யாரும் டீகூடத் தர மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாவட்ட ஹாக்கி அணிக்குப் பெண்பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க ஆள் வருகிறார்கள். அவரிடம் பயிற்சி எடுக்கிறவர்களில் கோல் காக்கும் முத்துச்செல்வி நிச்சயம் தேறுவாள். ஆனால் அவள் அப்பா முன்னமே சொல்லிவிட்டார்.

"செலக்சன் ஆயிட்டா எங்க வேணும்னாலும் அனுப்புதேன். ஆகுமா ஆகாதான்னு பாக்க ஊர் ஊரா அனுப்ப மாட்டேன்."

ஊருக்கென்று கிரவுண்டு கிடையாது. பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது. புறம்போக்கில் ரேஷன் கடை. மிச்சம் இருந்தது கடம்பூர் ரோட்டில் கொம்பையாவின் தரிசு. "பிள்ளைக ஆடிக்கிடட்டும்" என்று அவராகவே கொடுத்தது.

இப்போது அதில் கால் வைத்தால் செருப்பு வரவில்லை. செருப்பை இழுத்தால் கால் வரவில்லை.

சௌந்தரபாண்டியன் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். பிறந்து வளர்ந்தது கோவில்பட்டி பஜாருக்குள். மண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது வேட்டியில் பட்டால் போகாது என்பதுதான்.

"இதுக்குப் போயி மொகத்தத் தொங்கப் போடுதீங்களே அண்ணாச்சி" என்றார் கொம்பையா. "மேலாப்புல டிராக்டர விட்டுக் கிளறுனா, காத்து உள்ள போயி மடமடன்னு காஞ்சிரும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை உள்ளூர் லிங்கராஜின் டிராக்டர் வந்தது. திருப்ப இடைஞ்சல் என்று கோல் கம்பங்களைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்தார்கள். சாயங்காலம் பார்த்தால் நிலம் முழுக்கத் தலையணை தலையணையாக மண்கட்டி. அடித்த பந்து, அடித்தவள் முகத்துக்கே திரும்பி வந்தது.

"சார், இது வந்து..." என்று ஆரம்பித்தாள் முத்துச்செல்வி.

"நீ கோலைப் பாரு. தரைய நான் பாத்துக்கிடுதேன்."

"கோலையே காணலியே சார்."

கொம்பையா தாடையைத் தடவியபடி மண்கட்டிகளுக்கு நடுவே ஒரு சுற்று நடந்து வந்தார்.

"ஆடுதான் சரி. நம்ம மச்சினன்கிட்ட ஒரு மந்தை நிக்கி. நாளைக்கு ராத்திரி இங்கன அடைச்சிக் கிடை போடச் சொல்லுதேன். ஆடு மிதிக்கிற மிதியில கட்டியெல்லாம் பொடிஞ்சி, தரை சிமெண்டு மாதிரி ஆயிரும்."

ஆடுகள் மிதித்தன. மிதித்ததோடு நிற்கவில்லை. சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் ஒரு கையால் மட்டையையும் ஒரு கையால் மூக்கையும் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

"ஏட்டி, ரெண்டு கையாலயும் பிடி!"

"மூச்சு விடணும்லா சார்?"

மத்தியானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. சௌந்தரபாண்டியன் வானத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாயில் ஏதாவது வந்துவிடும்.

"பக்கத்துக் காட்டுத் தண்ணியெல்லாம் இங்கனதான் வரும்" என்றார் கொம்பையா. "சுத்தி வரப்பப் போட்டுருவோம் அண்ணாச்சி."

பேனா பிடித்த கை மண்வெட்டி பிடித்தது. வரப்பு நன்றாகவே அமைந்தது. வெளித் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. உள்ளே பெய்தது ஒரு சொட்டு வெளியே போகவுமில்லை.

ஞாயிறு காலை தேர்வாளர் எபநேசர் ஜீப்பிலிருந்து இறங்கி வரப்பின் மேல் நின்றார்.

"கிரவுண்டு எங்க?"

"இதான் சார்."

சௌந்தரபாண்டியன் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கோ ஒரு தவளை மட்டும் விடாமல் பேசியது.

தூரத்தில் முத்துச்செல்வி காலில் பேடு கட்டி, கணுக்கால் வரை சேற்றில் நின்றபடி, இல்லாத கோலைக் காத்துக்கொண்டிருந்தாள்.

எபநேசர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி. அடுத்த ஞாயித்துக்கிழமை வாரேன். அன்னைக்கும் இப்படிக் கிடந்தா செலக்சன தூத்துக்குடியில வச்சிருவோம். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

ஜீப் போனது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு முழு வாரம்! மழையும் விட்டுவிட்டது. சௌந்தரபாண்டியன் நாலைந்து நாளில் முதல்முறையாக மூச்சை இழுத்து விட்டார்.

"இனிமே ஒரு வேலையும் பாக்க வேண்டாம்" என்று பிள்ளைகளிடம் சொன்னார். "யாரும் உள்ள கால் வைக்காதீங்க. தானாக் காயட்டும்."

அப்போது லிங்கராஜ் டிராக்டரில் உளுந்து மூடைகளோடு வந்து நின்றான்.

"அண்ணாச்சி, கொம்பையா மாமா உங்களுக்கு ரொம்ப நன்றி சொல்லச் சொன்னாவ. உழவு, கிடை, வரப்பு எல்லாத்தையும் நீங்களே முடிச்சிட்டதால, விதைப்ப மட்டும் அவியளே பாத்துக்கிடுதாவளாம்."