மில்லிமீட்டர் அங்கிள் செய்த மேசை

வெள்ளவத்தையில் யாரிடம் கேட்டாலும் கடல் "இந்தா, கிட்டத்தான்". அளந்து சொல்லக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான்: எங்கள் தொடர்மாடியில் என் எதிர்வீட்டு மில்லிமீட்டர் அங்கிள். கட்டட வரைபடம் கீறும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். மற்றவர்கள் பேனா வைக்கும் சட்டைப்பையில் அவர் அளவுநாடா வைத்திருப்பார். அப்பத்தைக்கூட விட்டம் பார்த்துத்தான் வாங்குவார் என்று கடைக்காரர் சத்தியம் செய்வார்.

அவருடைய மனைவி சித்திரம் படிப்பித்தவர். எங்கள் எல்லோருக்கும் 'டீச்சர்'. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்த பிறகு, சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். ஒருநாள் இடக்கையால் பேப்பர் ஓரத்தில் ஏதோ கிறுக்கினார்.

"பூசணிக்காய் நல்லாயிருக்கு," என்றார் அங்கிள்.

"அது நீங்கள்," என்றார் டீச்சர்.

அன்றே அங்கிள் மரம் வாங்கப் போனார், சித்திர மேசை செய்ய.

"கடையில வாங்கலாமே, அங்கிள்?" என்றேன்.

"அவவின்ர இடக்கை எவ்வளவு எட்டும் எண்டு கடைக்காரனுக்குத் தெரியுமோ, தம்பி? சாயிற பலகை வேணும். கட்டிலோட ஒட்டி நிக்கோணும்."

அதுவரை அவர் மரம் அரியும் வாளைப் பிடித்ததே இல்லை. பலகை லிஃப்டுக்குள் போகவில்லை. படியால் தூக்கிக்கொண்டு, படிக்கு வரைபடம் கீறியவனை ஒவ்வொரு திருப்பத்திலும் திட்டிக்கொண்டு ஏறினார். பிறகு கட்டடம் முழுக்க மரத்தூள். அடுப்பிலிருந்த தன் சொதிக்குள்ளும் தூள் விழுந்ததென்று கீழ்வீட்டு அம்மா சண்டைக்கு வந்தார்.

"சும்மா தூள் இல்லை தங்கச்சி, தேக்கு!" என்றார் அங்கிள் பெருமையாக.

முதல் தடவை பலகையை நிமிர்த்தியபோது அதைத் தாங்கிய முட்டுக்கட்டை நழுவி, வர்ணமும் தேநீரும் அங்கிளின் மடியில் கொட்டின. திறந்த அறைக்கதவால் பார்த்துக்கொண்டு கிடந்த டீச்சர் சிரித்தார். வருத்தம் வந்து படுத்த பிறகு அப்போதுதான் சிரித்தார். அங்கிள் இடுப்பில் நனைந்த சாரத்தோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு போய் இன்னும் தடித்த முட்டு ஒன்று வெட்டினார்.

முன்பக்க ஹோலில் வைத்துச் செய்து முடித்த மேசை டீச்சரின் அறைக்கதவால் உள்ளே போகவில்லை. உலகத்தையே அளந்தவர் கதவை அளக்க மறந்துவிட்டார்.

"கதவுதான் பிழை," என்று சொல்லிக் கட்டிலை ஹோலுக்குக் கொண்டுவந்தார். அதன்பின் அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் டீச்சரின் கால்மாட்டில்தான் உட்கார வேண்டும். டீச்சர் காகம் கீறினார், கடல் கீறினார், மறுபடி மறுபடி அங்கிளைக் கீறினார். பூசணிக்காய்க்கு மெல்ல மெல்ல மூக்கு வந்தது.

மழை தொடங்கும் முன்பே இரண்டாவது தடவையும் பக்கவாதம் வந்தது. டீச்சர் போய்விட்டார்.

உடலை மலர்ச்சாலையிலேயே பார்வைக்கு வைப்போம் என்றார்கள் உறவினர்கள். வீட்டுக்குத்தான் என்று அங்கிள் ஒற்றைக்காலில் நின்றார். பெட்டியைத் தூக்கி வந்தவர்களுக்கு ஹோலில் வைக்க இடமில்லை. மேசையோ வாசல் கதவாலும் வெளியே போகவில்லை.

"வாள் ஒண்டு இருக்கோ?" என்று கேட்டார் வந்தவர்களில் ஒருவர்.

அங்கிள் போய், சாய்ந்திருந்த பலகையைச் சமப்படுத்தி முட்டுக் கொடுத்தார்.

"இதிலயே வையுங்கோ."

வைத்ததும் கீழே குந்தி முட்டுக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் செய்த மேசை. எனக்கு நம்பிக்கையில்லை," என்றார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவரைத் தேடினார்கள். "இஞ்ச கீழ இருக்கிறன்," என்று பெட்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. எல்லோரும் குனிந்துதான் விசாரித்தார்கள்.

கிரியைக்கு முன் குளித்துவிட்டு வரச் சொன்னார் ஐயர்.

"கையை விட்டா சாயும், ஐயா."

நான் பக்கத்தில் முழங்காலிட்டேன். "நான் பிடிக்கிறன், அங்கிள்."

"இறுக்கிப் பிடிச்சிட்டியோ?"

"ஓம்."

என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனார். ஒரு கணம் வியர்வையில் என் கை வழுக்கி விலகியது. மேசை மயிரிழைகூட அசையவில்லை. என்றாலும், ஈர வேட்டியோடு அவர் திரும்பி வரும்வரை நான் அதை விடவேயில்லை.